ரெஜினா அளந்து வரைந்த செடிகள்

பூந்தமல்லியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைப் பெண் என் மூக்கின்மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, எதிர்ச் சுவரிலிருந்த எழுத்துகளை வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது கைப்பேசி அடித்தது. பிரான்சிஸ். அவர் என்னை நேராகக் கூப்பிட்டதே கிடையாது. எப்போதும் அவர் மனைவி ரெஜினாதான் பேசுவார். பின்னாலிருந்து, சாரைக் கேட்டதாகச் சொல் என்று பிரான்சிஸின் குரல் மட்டும் கேட்கும்.

"சார், ரெஜினா பூட்டா சார்" என்றார். "காலைல காப்பி போட்டு எடுத்துகினு போய் எழுப்புனேன். எழுந்துக்கல."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். சாலையில் பேருந்துகளும் ஆட்களும் கலங்கலாகத் தெரிந்தார்கள். கடைப் பெண் பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தி, சோதனைச் சட்டத்தை அவளே கழற்றிக்கொண்டாள். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். கூட வேலை பார்த்தவர் என்று சொன்னேன். ஆவடிக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு போதாதது என்று உறைத்தது. ஆனால் வேறு சொல்லும் தெரியவில்லை.

ரெஜினாவை நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அறிந்திருப்பீர்கள். தொழிற்சாலையில் அவரோடு சாப்பிட்டவர்கள் இருக்கிறீர்கள். ஆவடி மாதா கோவிலில் அவரோடு பாட்டுக் குழுவில் நின்றவர்கள் இருக்கிறீர்கள். இறந்துபோன யாரோ ஒருவருடைய செடியோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டியவர்களும் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ரெஜினாவை உங்கள் எல்லோருக்கும் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் வேலை பார்த்தோம். அவர் வரைபடப் பிரிவு, நான் தர ஆய்வுப் பிரிவு. அவர் போடும் படத்தைப் பார்த்துப் பட்டறையில் உருப்படியைக் கடைவார்கள். கடைந்து வந்தது படத்தில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று நான் வெர்னியர் வைத்து அளந்து பார்ப்பேன். ஒருமுறை ஒரு கூடை நிறைய உருப்படிகள் பொருந்தாமல் திரும்பி வந்துவிட்டன. பட்டறைக்காரர்கள் மீது பழி விழுந்து, மேலாளர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ரெஜினா மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஒரு உருப்படியைக் கையில் எடுத்து, பழைய மாதிரியோடு ஒட்டிப் பார்த்தார். பிறகு எல்லோர் முன்னாலும், குரலைத் தாழ்த்தாமல், "என் தப்புதான் சார். பார்த்ததைப் போடணும். நான் நினைச்சதைப் போட்டுட்டேன்" என்றார். மேலாளருக்கு அதற்கு மேல் திட்டத் தோன்றவில்லை. அந்த நாளிலிருந்து அவர் கையெழுத்திட்ட படம் என்றால் நான் இரண்டாவது முறை யோசித்ததில்லை.

அவருக்கு ஒரே மகன், ஜெரோம். பிரான்சிஸ் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஆயுத பூஜையன்று குடும்பங்களைத் தொழிற்சாலைக்குள் விடுவார்கள். ஜெரோம் கால்பந்துக் காலணியோடு நேராக மைதானத்திலிருந்து வந்து நிற்பான். கூட்டத்தில் அவன்தான் உயரம் என்பதால் தோரணம் கட்ட அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஏணியில் ஏறாமலே கட்டுவான். ரெஜினா கீழே நின்றுகொண்டு, இடது பக்கம் தாழ்ந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏற்று என்று அளவு சொல்லிக்கொண்டே இருப்பார். அம்மாவின் கண்ணில் எதுவும் நேராக இருக்காது என்று அவன் எங்களிடம் சிரித்துக்கொண்டே புகார் சொல்வான்.

பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கும்போது ஜெரோம் போய்விட்டான். பாரிவாக்கம் பக்கத்தில் இருந்த நண்பனிடம் தன் காலணியை வாங்கி வர ஸ்கூட்டரில் போனவன். மழை பெய்து விட்டிருந்தது. தண்ணீர் லாரி. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி ரெஜினா என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

விடுப்பு முடிந்து வேலைக்கு வந்தார். கணினிக்கு முன்னால் உட்காருவார். திரையில் ஒன்றும் நடக்காது. வால்வு என்றால் அதில் பாதி வட்டங்கள்தான். மற்றவர்கள் அவர் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருநாள் மதிய உணவு வேளையில் என் மேஜைக்கு வந்து நின்றார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "சார், ஒரு வட்டம் போட்டா அது டயர் மாதிரி தெரியுது" என்றார். நான் எழுந்து நின்றேன். அந்த மாதமே அவர் வேலையை விட்டுவிட்டார்.

பல மாதங்கள் கழித்து, நானும் என் மனைவி வசந்தியும் அவரைப் பார்க்க ஆவடிக்குப் போனோம். பயந்துகொண்டேதான் போனோம். கூடத்தில் சாய்வாக ஒரு வரைபலகை நின்றது. தொழிற்சாலைக்குக் கணினி வந்தபோது ஒதுக்கியதை அவர் முன்பே கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் இயந்திர பாகம் என்று நினைத்துக் கிட்டே போனேன். எருக்கஞ்செடி. முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி, மேலிருந்து எப்படி என்று மூன்று தோற்றங்கள். ஒவ்வொரு இலைக்கும் நீளம், அகலம், தண்டோடு சேரும் கோணம். பூச்சி கடித்த ஓட்டைக்கும் அளவு போட்டிருந்தது. வலது கீழ்மூலையில், பாகத்தின் பெயர் எழுதும் கட்டத்தில், ஜெரோம் என்று எழுதியிருந்தார்.

செடிக்கு ஏன் அந்தப் பெயர் என்று வசந்திதான் கேட்டாள்.

அவர் நிதானமாகச் சொன்னார். மகன் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பிரான்சிஸிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். பிரான்சிஸ் அழைத்துப் போகவில்லை. அந்தச் சாலையே வேண்டாம் என்று திருவேற்காடு வழியாக வேனைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார் அவர். கடைசியில் ரெஜினா தனியாகப் பேருந்தில் போய் இறங்கினார். அங்கே ஒன்றும் இல்லை. வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. தரையில் ஒரு கறைகூட இல்லை. டீக்கடையில் விசாரித்தபோது அங்கே ஒரு விபத்து நடந்ததே அந்த ஆளுக்கு நினைவில்லை.

"அவன் பேரைச் சொல்ல அங்க ஒண்ணுமே இல்லம்மா" என்றார் வசந்தியிடம். "ஜல்லி கொட்டியிருந்த பக்கத்துல இந்தச் செடி மட்டும் நின்னுது. அவன் விழுந்தப்ப நான் இல்ல. அவங்கப்பா இல்ல. இது இருந்திருக்கு."

அதனால் அதை வரையத் தொடங்கினார். ஒரு சிறு பலகையும் பென்சிலும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு போய், குடையை விரித்து, சாலையோரத்தில் உட்கார்ந்து அளப்பார். வீட்டுக்கு வந்து பெரிய தாளில் சுத்தமாகப் போடுவார். செடி வளர்ந்தால் மறுபடி போவார். வட்டம் போட முடியாத கைக்கு எருக்கில் வேலை இருந்தது. அதில் ஒரு வட்டமும் இல்லை என்று அவரே சொன்னார். நாங்கள் கிளம்பும்போது பிரான்சிஸ் வந்தார். எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பலகையைப் பார்க்காமல் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

இதற்கப்புறம் நடந்ததை இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். பிரான்சிஸின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

ஒருமுறை ரெஜினா அங்கே போனபோது செடி அடியோடு வெட்டப்பட்டிருந்தது. கட்டையில் பால் வழிந்து உறைந்திருந்தது. வீட்டுக்குத் திரும்பியபோது பிரான்சிஸ் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார். எருக்கம்பால் பட்ட கறை போகாமல் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் மறைக்கவில்லை.

"நான்தான் வெட்னேன். நீ அங்க போய் குந்திகினு கீறத பாத்துட்டு வேன்ல வர்ற பசங்க ஊட்லேர்ந்து வந்து என்னாண்ட கேக்கிறாங்க. ஊர்ல எல்லாம் உன்னத்தான் பாக்குறாங்க, பெத்தவன்னு. நான் யாரு? எனக்கு வலிக்கலயா?"

மறுநாள் ரெஜினா பலகையை எடுத்துக்கொண்டு மறுபடி போனார். வெட்டிய கட்டையை வரைந்தார். அதே மூன்று தோற்றங்கள், அதே அளவுகள். வெட்டின் கோணம், ஆழம், உறைந்த பாலின் தடிமன்கூட. அந்தப் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினார். பிரான்சிஸ் பல நாட்கள் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. விட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்ததாக ரெஜினா சொன்னார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த பிரான்சிஸ், படத்தின் முன் நின்று, வெட்டுல ஏன் ரெண்டு கோடு என்று கேட்டார்.

"நீ ரெண்டு தடவ வெட்டியிருக்க" என்றார் ரெஜினா. "மொதல் வெட்டு உள்ள போகவே இல்ல. தோலோட நின்னுடுச்சு."

பிரான்சிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கத்தியை ஓங்கியபோது மகனை யாரோ அடிப்பது போலிருந்ததாம். அதுவரை தான் கோபத்தில் வெட்டினோம் என்றே அவரும் நம்பிக்கொண்டிருந்தார். மகனை அடக்கம் செய்த அன்று அழாதவர், அன்று கோவிலுக்குப் போகாமல், பாதி மாட்டிய சட்டையோடு, மனைவியின் மடியில் தலையை வைத்து அழுதார். அடுத்த முறை பாரிவாக்கத்துக்கு வேனில் அவர்தான் அழைத்துப் போனார். எருக்கு சாமானியத்தில் சாகாது. கட்டையின் பக்கத்தில் துளிர் விட்டிருந்தது. துளிர்மேல் நிழல் விழாதபடி பிரான்சிஸ் ரெஜினாவுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

என் வீட்டுக்கு அவர்கள் வந்ததைச் சொல்ல வேண்டும்.

வசந்தி நோயில் விழுந்து, நாங்கள் மருத்துவமனையிலேயே வாரக்கணக்காகக் கிடந்தோம். முகப்பேரில் எங்கள் வீடு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்கு நான் அவளில்லாமல் திரும்பி வந்தபோது, பால்கனியில் அவள் வைத்திருந்த செடி அத்தனையும் காய்ந்து போயிருந்தன. துளசி, ரோஜா, கம்பிக் கதவில் ஏற்றிவிட்டிருந்த முல்லை எல்லாமே. மகள் ஓசூரிலிருந்து வந்திருந்தாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பாய், தொட்டிகளைக் காலி செய்துவிடலாம் அப்பா என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆளுக்குச் சொல்லியும் விட்டோம்.

அதற்குள் ரெஜினா பலகையோடு வந்துவிட்டார். பிரான்சிஸ் மாடிப்படியில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரெஜினா ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்த முல்லையைப் போடுகிறேன் என்றார். அது செத்துவிட்டதே என்றேன்.

"செத்ததுக்கும் அளவு இருக்கு சார். நீங்க வெர்னியர எடுங்க."

ஓய்வுபெற்றபோது கொடுத்த வெர்னியர் அலமாரியில் இருந்தது. நான் அளந்து சொன்னேன், அவர் போட்டார். காய்ந்த கொடி, கம்பியில் எத்தனை இடத்தில் சுற்றியிருக்கிறது, எங்கே கிளை பிரிகிறது, எங்கே ஒடிந்திருக்கிறது. கையில் வேலை இருந்ததால் நான் சாதாரணமாகத்தான் இருந்தேன். பழைய தொழிற்சாலை நாள் போலவே இருந்தது. பாதியில், கொடியைக் கம்பியோடு கட்டியிருந்த ஒரு துணிக் கிழிசல் வந்தது. வசந்தியின் பழைய ரவிக்கைத் துணி. நான் நீளத்தைச் சொன்னேன். ரெஜினா பென்சிலை நிறுத்தி, முடிச்சை உற்றுப் பார்த்தார்.

"இது திரும்பி விழுந்திருக்கே சார். வசந்திம்மா எந்தக் கை?"

இடது கை. என் மனைவி இடது கைக்காரி. கல்யாணமான புதிதில் என் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டியதில், பரிமாறும்போது மட்டும் வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். மற்ற எல்லாம் இடது கை. கோலம், கத்தரிக்கோல், என் தலையைத் தடவுவது. அது எப்படி எனக்கு மறந்தது? அவள் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த முடிச்சு ஒன்றில் அவள் கை அப்படியே இருந்தது. வெர்னியரைத் தரையில் வைத்துவிட்டு நான் அழுதேன். ரெஜினா என்னைத் தேற்றவில்லை. முடிச்சை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரைந்து முடித்தார். பிரான்சிஸ் சமையலறைக்குப் போய், எது எங்கே இருக்கிறது என்று தேடி, மூன்று பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். தொட்டிகளைக் காலி செய்ய வந்த ஆளை மகள் திருப்பி அனுப்பினாள். அந்தப் படம் இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறது. அவள்தான் கேட்டு எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் அவர் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்பா நட்ட முருங்கையின் கிளை, அண்ணன் ஊட்டியிலிருந்து கொண்டுவந்து ஆவடி வெயிலில் பிழைக்கவைத்த ஒரு பூச்செடி, கணவன் தினமும் கிள்ளிக் கொடுத்த கறிவேப்பிலை. குத்தம்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர், நிலம் வைத்திருந்தவர், மனைவி களை எடுக்கும்போது திட்டிக்கொண்டே பிடுங்கும் கோரைப்புல்லைக் கொண்டுவந்தார். வேறு நல்ல செடி இல்லையா என்று யாரோ கேட்டதற்கு, அவள் அதிகமாகப் பேசினதே இந்தப் புல்லோடுதான் என்றார். ரெஜினா அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பூவுக்குள் அம்மாவின் முகத்தை வைத்து வரைந்து தரச் சொன்ன ஒருவரை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒரு இளம் தம்பதி வந்ததை நான் நேரில் பார்த்தேன். பாரிவாக்கத்தில் புதிதாக வந்த குடியிருப்பில் இருப்பவர்கள். பிறந்து சில மணி நேரத்தில் குழந்தை போய்விட்டது. அவர்களிடம் செடி எதுவும் இல்லை. எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். கணவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிடப் பிடித்தது என்று ரெஜினா கேட்டார். புளியங்காய் என்றாள். ரெஜினா ஒரு புளியங்கொட்டையை ஈர மண்ணில் புதைத்துக் காத்திருந்து, அது வாய் பிளந்து வெள்ளையாக முளை நீட்டிய நிலையில் எடுத்து வரைந்தார். பெரிய தாளின் நடுவே அந்தச் சின்ன உருவம் மட்டும். மூலையில் பெயர்க் கட்டத்தைச் சுத்தமாகப் போட்டு, உள்ளே எதையும் எழுதவில்லை. அவர்கள் வந்து பார்த்தார்கள். அந்தப் பெண் வெறும் கட்டத்தின் மீது விரலை வைத்தாள். என்ன பெயர் வைக்க நினைத்தார்கள் என்பதைக் கணவன் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னான். எழுதட்டுமா என்று ரெஜினா கேட்டார். எழுத வேண்டாம், எங்கள் இரண்டு பேருக்கும் குழந்தைக்கும் தெரிந்தால் போதும் என்றாள் அவள்.

இவ்வளவு பேருக்கு இவ்வளவு செய்தவருக்கு மனம் ஆறிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை.

பாரிவாக்கம் சாலையை அகலப்படுத்தியபோது, துளிர்த்து வளர்ந்திருந்த எருக்கு மண்ணுக்கடியில் போய்விட்டது. அதன்மேல் தார் விழுந்துவிட்டது. கேள்விப்பட்டதும் ஓடினேன். ரெஜினா வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செடி போனது பற்றி வருத்தமாகத் தெரியவில்லை. "அதோட அளவு எல்லாம் என்கிட்ட இருக்கு சார்" என்றார். "படம் எதுக்குப் போடுறோம்? உருப்படி தொலஞ்சா மறுபடி செஞ்சுக்கத்தானே."

ஆமாம் என்றேன். கீரைத்தண்டுகளை ஒரே நீளத்தில் ஒடித்து அடுக்கினார். பிறகு தலையைத் தூக்காமல், "ஜெரோமுக்கு ஒரு படம் போட்டு வைக்கலயே சார்" என்றார்.

அவ்வளவுதான். தொடர்ந்து கீரை ஆய்ந்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. உலகத்தில் எதையும் அளந்து தாளில் நிறுத்தத் தெரிந்த பெண், தன் பிள்ளை ஓடிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவனை வரைந்து வைக்கவில்லை. எந்தத் தாய்தான் வரைந்து வைப்பாள்? அவன் இருந்துகொண்டே இருப்பான் என்றல்லவா நினைத்திருப்பார். இதை அவரிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததில்லை.

ஆவடியில் நான் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை. விரல் நுனியில் பென்சில் கரி இருந்தது. குளிப்பாட்டியவர்கள் எவ்வளவு தேய்த்தும் அது நகக்கண்ணில் தங்கிவிட்டது என்று அவர் தங்கை சொல்லி அழுதார். வீடு கொள்ளாத கூட்டம். பாதிப் பேரை எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. மாலை வாங்காமல் அவரவர் வீட்டுச் செடியிலிருந்து ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்திருந்தார்கள், யாரும் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை. கறிவேப்பிலையும் முருங்கையும் கோரையுமாக ஒரு சவப்பெட்டியை நான் அன்றுதான் பார்த்தேன். கல்லறையில் பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்ததும் பிரான்சிஸ் ஒரு பிடி மண்ணை எடுத்தார். போடவில்லை. கையை மூடிக்கொண்டே நின்றார். நான்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்து விரல்களைப் பிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் நாட்களில் ஒரு பெரிய பள்ளம் விழுந்துவிட்டது. வசந்தி போனபோது என்ன செய்வதென்று காட்ட எனக்கு ரெஜினா இருந்தார். ரெஜினா போனதற்கு யாரிடம் போவது? பலகையைத் தூக்கிக்கொண்டு யார் என் மாடிப்படி ஏறி வருவார்? அவரைப் பற்றிப் பேசினால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர்தான். இந்தச் சில பக்கங்களை எழுத எனக்கு இத்தனை வாரம் ஆனது அதனால்தான். பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன். நினைத்தது எங்காவது கலந்திருந்தால் அவர் மன்னிக்கட்டும்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு கேள்வி. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டே என்னைக் கூப்பிடுவார். உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பாடு ஆயிற்றா என்றெல்லாம் கேட்கமாட்டார். இன்றைக்கு என்ன பார்த்தீர்கள் சார் என்பார். ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சும்மா சொல்லவும் முடியாது, எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று துருவுவார். அந்த ஒரு அழைப்புக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே இறங்கி, தெருவை ஒருமுறை சுற்றி வருவேன். மனைவி போன பிறகு நான் வீட்டை விட்டு வெளியே வந்துகொண்டிருந்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

போன ஞாயிறும் அந்த நேரத்துக்குக் கைப்பேசி அடித்தது. ரெஜினாவின் எண். எடுத்தேன். பிரான்சிஸ்தான். பின்னால் தெருச் சத்தம் கேட்டது.

"சார்" என்றார். "இன்னிக்கு இன்னா பாத்தீங்க?"

எங்கள் தெரு முனையில், கழிவுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பப்பாளிக் கன்று முளைத்திருப்பதைச் சொன்னேன். முழங்கால் உயரம், குழாயை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது என்றேன். அவர் ம் கொட்டிக்கொண்டே கேட்டார். நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்டேன்.

"கல்லறைக்குப் போய்ட்டு வரேன் சார். அவ மேல மண்ணு எறங்கிகீது. ரெண்டு வெரலு. வெச்சுப் பாத்தேன்."

புது மண் அப்படித்தான் இறங்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எந்தப் பக்கம் அதிகமாக இறங்கியிருக்கிறது என்று கேட்டேன். தலைமாட்டுப் பக்கம் என்றார். அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன், சேர்ந்து பார்க்கலாம் என்றேன்.